காருக்கு பவர் ஏத்தியாச்சு... கிளட்ச் தாங்குமா? பிளைவீலை லேத்தில் இளைத்தால் காலுக்கே ஆபத்து!

கோவை:-

காருக்கு பவர் ஏத்துவது இன்றைக்கு ரொம்ப சுலபம். லேப்டாப்பை சொருகி கம்ப்யூட்டர் கணக்கை மாற்றினால் போதும், டீசல் கார் சிறுத்தை போல சீறுகிறது. "ரீமேப்" என்று சொல்லும் இந்த வேலையை செய்துவிட்டு அவினாசி ரோட்டில் காலரை தூக்கிவிட்டு போகும் வாலிபர்கள் ஏராளம். ஆனால் சில வாரத்திலேயே பலருக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் அலறுகிறது, கார் மட்டும் நகர மறுக்கிறது. கூடவே மூக்கை துளைக்கும் கருகல் வாடை!

காரணம் கிளட்ச். எஞ்சினுக்கு பவரை ஏத்தியவர்கள், அந்த பவரை சக்கரத்துக்கு கொண்டுபோகும் கிளட்ச்சை மறந்து விடுகிறார்கள். பிறகு "எந்த கிளட்ச் போடுவது? பிளைவீலையும் மாத்தணுமா? இருக்கிற பிளைவீலையே லேத்தில் கொடுத்து எடையை குறைச்சிடலாமா?" என்று பட்டறை பட்டறையாக அலைகிறார்கள். இதில் தவறான முடிவு எடுத்தால் காசு மட்டும் அல்ல, காலும் போய்விடும். இதுபற்றிய விவரம் வருமாறு:-

ரேஸ் ஊரில் வந்த ஆசை

கோவைக்கும் கார் பந்தயத்துக்கும் உள்ள உறவு பழையது. குறைந்த செலவில் ரேஸ் கார்களை உள்ளூரிலேயே வடிவமைத்த கரிவரதன், 1995-ம் ஆண்டு விமான விபத்தில் பலியானார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ம் ஆண்டு திறக்கப்பட்டது. 2005-ம் ஆண்டு பார்முலா-1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான்.

லேத் பட்டறைக்கும், வார்ப்பு பட்டறைக்கும் பஞ்சமே இல்லாத ஊர் இது. எதை கேட்டாலும் கடைந்து கொடுக்க ஆள் இருக்கிறது. அந்த வசதியே சில நேரம் வினையாகி விடுகிறது.

கிளட்ச் என்ன செய்கிறது?

எஞ்சினின் கிராங்க் ஷாப்ட் கடைசியில் போல்ட் போட்டு முடுக்கிய கனமான இரும்பு சக்கரம்தான் பிளைவீல். அதன் முகத்தில் கிளட்ச் பிளேட் ஒட்டி நிற்கும். பின்னால் இருந்து பிரஷர் பிளேட் அதை அழுத்தி பிடிக்கும். பெடலை மிதித்தால் கிளட்ச் பேரிங் தள்ளி, அழுத்தம் விடுபடும். காலை எடுத்தால் மறுபடி கவ்வும். அவ்வளவுதான்.

இரண்டு கைக்கு நடுவே ஒரு தட்டை அழுத்தி பிடித்து கொள்ளுங்கள். இன்னொருவர் அந்த தட்டை திருப்ப முயன்றால் எவ்வளவு தாங்கும்? அது மூன்று விஷயத்தை பொறுத்தது. எவ்வளவு அழுத்துகிறீர்கள், கை எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது, தட்டு எவ்வளவு பெரிசு. கிளட்ச்சுக்கும் இதே கணக்குதான்.

ஒரு உதாரணம். பிரஷர் பிளேட்டின் அழுத்தம் 5 ஆயிரம் நியூட்டன் என்று வைத்து கொள்வோம். சுமார் 510 கிலோ எடையை ஏற்றி அழுத்துவதற்கு சமம். உராய்வு அளவு 0.3. பிளேட்டின் சராசரி ஆரம் 9 செ.மீ. பிளேட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு முகம். எல்லாவற்றையும் பெருக்கினால் 270 நியூட்டன் மீட்டர் வரும். அதாவது 270 வரை இந்த கிளட்ச் தாங்கும். அதற்கு மேல் முறுக்கினால் வழுக்கும்.

குதிரை சக்தியை பார்க்காதீர்கள்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "நம்ம வண்டி 150 குதிரை சக்தி" என்று சொல்லி கிளட்ச் கேட்கிறார்கள். கிளட்ச்சுக்கு குதிரை சக்தி தெரியாது. அதற்கு தெரிந்தது முறுக்கு விசை என்னும் டார்க் மட்டும்தான். நியூட்டன் மீட்டர் கணக்கில் சொல்வார்கள்.

பழைய மாருதி 800 காரின் டார்க் சுமார் 60 நியூட்டன் மீட்டர். மாருதி ஸ்விப்ட் 1.3 லிட்டர் டீசலுக்கு 190. போக்ஸ்வேகன் வென்டோ 1.6 லிட்டர் டீசலுக்கு 250. இந்த 250-ஐ ரீமேப் செய்து 320 ஆக்கினால் என்ன ஆகும்? மேலே சொன்ன 270 தாங்கும் கிளட்ச் கண்டிப்பாக வழுக்கும்.

டீசல் காரில் இந்த டார்க் 2 ஆயிரம் ஆர்.பி.எம். பக்கத்திலேயே மொத்தமாக வந்து விழும். அதனால்தான் ரீமேப் செய்த டீசல் கார்கள் 4-வது, 5-வது கியரில் மெதுவாக போய் திடீரென்று மிதிக்கும்போது முதலில் வழுக்குகின்றன.

இன்னொன்று. டைனோ எந்திரத்தில் ஏற்றி அளக்கும்போது வருவது சக்கரத்துக்கு வந்து சேரும் அளவு. வழியில் கியர் பாக்சிலும் டயரிலும் 10 முதல் 15 சதவீதம் வரை போய்விடும். ஆகவே எஞ்சினில் உள்ள டார்க் அதைவிட அதிகம். கிளட்ச் வாங்கும்போது எஞ்சின் அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

வாங்கும் முன் இதை பாருங்கள்

வழுக்குகிறது என்றதும் பெரிய கிளட்ச் வாங்க ஓடாதீர்கள். பாதி நேரம் குற்றவாளி வேறு ஆள்.

* எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் பிளேட்டில் ஆயில் பட்டு வழுக்கும். சீலை மாற்றாமல் எவ்வளவு விலை உயர்ந்த பிளேட் போட்டாலும் அதுவும் நனைந்து போகும்.

* கிளட்ச் கேபிள் அதிகமாக இழுத்து வைத்திருந்தால் பிரஷர் பிளேட் முழுசாக கவ்வாது.

* எந்நேரமும் பெடல் மேல் கால் வைத்து ஓட்டும் பழக்கம், மேட்டில் பிரேக் போடாமல் அரை கிளட்ச்சில் நிற்கும் பழக்கம் இருந்தால் எந்த கிளட்ச்சும் சீக்கிரம் காலி.

சோதனை செய்வது சுலபம். ஆள் இல்லாத ரோட்டில் 4-வது கியரில் 50 கி.மீ. வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் விர்ரென்று ஏறி, ஸ்பீடா மீட்டர் முள் அப்படியே நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. காசை பத்திரப்படுத்துங்கள்.

எந்த பிளேட்?

கிளட்ச்சை பலமாக்க மூன்று வழி. அழுத்தத்தை கூட்டலாம். உராய்வை கூட்டலாம். பிளேட் எண்ணிக்கையை கூட்டலாம். மூன்றுக்கும் ஒரு விலை உண்டு.

அழுத்தம் கூடினால் பெடல் கல் மாதிரி இருக்கும். காந்திபுரம் டிராபிக்கில் அரை மணி நேரம் ஓட்டினால் இடது முழங்கால் கெஞ்சும். கேபிளும், கிளட்ச் பேரிங்கும், கிராங்க்கை தாங்கும் திரஸ்ட் வாஷரும் சீக்கிரம் தேயும்.

உராய்வு என்பது பிளேட்டில் ஒட்டியுள்ள பொருளை பொறுத்தது:-

ஆர்கானிக்: கம்பெனி காரில் வருவது இதுதான். மெதுவாக கவ்வும். உதறாது. ஆனால் சூடு தாங்காது. ரொம்ப சூடானால் வழுக்க ஆரம்பிக்கும். ஆறிய பிறகு ஓரளவு சரியாகும்.

கெவ்லார்: ஆர்கானிக் போல மெதுவாக கவ்வும். நீண்ட நாள் உழைக்கும். ஆனால் புதுசில் பொறுமையாக ஓட்டி பதப்படுத்த வேண்டும். அவசரப்பட்டு சூடாக்கினால் முகம் கண்ணாடி போல மின்னி, பிடிப்பு போய்விடும்.

செராமிக்: பிளேட்டை சுற்றி 3, 4 அல்லது 6 துண்டுகளாக ஒட்டியிருக்கும். இரும்பு பிடி. சூட்டுக்கு அஞ்சாது. ஆனால் ஆன்-ஆப் சுவிட்ச் மாதிரி டப்பென்று கவ்வும். சிக்னலில் கார் குலுங்கி குலுங்கி நகரும். பிளைவீல் முகத்தையும் தின்றுவிடும்.

இரட்டை பிளேட்: பிளேட் இரண்டானால் உராயும் முகம் நான்கு. அழுத்தத்தை கூட்டாமலே தாங்கும் சக்தி இரண்டு மடங்கு. விலையும் அப்படியே ஏறும். மிக அதிக டார்க் உள்ள கார்களுக்கு மட்டும்தான் இது தேவை.

பார்முலா-1 கார்களில் கார்பன் பிளேட்டுகள் பலவற்றை அடுக்கி, உள்ளங்கை அகல கிளட்ச் போடுகிறார்கள். அது நம் ரோட்டுக்கு ஆகாது.

முன்பு பார்த்த உதாரணத்துக்கே வருவோம். அழுத்தத்தை மட்டும் 5 ஆயிரத்தில் இருந்து 6 ஆயிரம் ஆக்கினால் 270 என்பது 324 ஆகும். 320 டார்க் உள்ள காருக்கு இது கயிற்றின் மேல் நடப்பது மாதிரி. உராய்வையும் 0.4 ஆக்கினால் 432 கிடைக்கும். எஞ்சின் டார்க்கை விட 20 முதல் 30 சதவீதம் கூடுதலாக தாங்கும் கிளட்ச் இருந்தால் போதும். 320-க்கு சுமார் 400 போதுமானது.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று 600 தாங்கும் கிளட்ச் போட்டால்? கிளட்ச் வழுக்காது. அதற்கு பதில் கியர் பல்லோ, டிரைவ் ஷாப்ட்டோ உடையும். வீட்டில் பியூஸ் போகாமல் இருக்க தடி கம்பி கட்டுவது போன்ற வேலை இது. கியர் பாக்சுக்கும் ஒரு எல்லை உண்டு. போக்ஸ்வேகன் கம்பெனி தன் கியர் பாக்ஸ் பெயரிலேயே எம்.க்யூ.200, எம்.க்யூ.250, எம்.க்யூ.350 என்று தாங்கும் அளவை வைத்திருக்கிறது. அதையும் கேட்டு தெரிந்துகொள்ள வேண்டும்.

கடையில் "ஸ்டேஜ்-1, ஸ்டேஜ்-2, ஸ்டேஜ்-3" என்று சொல்வார்கள். இதற்கு பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்டேஜ்-2 இன்னொரு கம்பெனியின் ஸ்டேஜ்-1 ஆக இருக்கலாம். "எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும்? பில்லில் எழுதி கொடுங்க" என்று கேளுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

பிளைவீல் எதற்கு கனம்?

எஞ்சின் சீராக சுற்றுவது போல தெரிந்தாலும், உள்ளே விட்டு விட்டுத்தான் வெடிக்கிறது. 4 சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 2 வெடிப்பு. நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பி சீராக்குவது பிளைவீலின் கனம்தான். வீட்டு தையல் மெஷினில் பெரிய சக்கரம் இருப்பது எதற்காகவோ, அதற்காகத்தான் இதுவும்.

கனத்தை குறைத்தால் ஆர்.பி.எம். சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். ரேஸ் டிராக்கில் இது நல்லது. ஆனால் எஞ்சின் பவர் ஒரு குதிரை சக்தி கூட ஏறாது. எஞ்சின் தன் பிளைவீலை சுழற்றவே செலவு செய்யும் சக்தி மிச்சமாகும், அவ்வளவுதான். அந்த வித்தியாசமும் முதல் கியரில்தான் நன்றாக தெரியும். 5-வது கியரில் தெரியவே தெரியாது.

பதிலுக்கு இழப்பது நிறைய. ஐடிலிங்கில் எஞ்சின் நடுங்கும். மேட்டில் கிளம்பும்போது அடிக்கடி ஆப் ஆகும். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் மலைப்பாதையில் லாரிக்கு பின்னால் நின்று நின்று ஏறும்போது, ஆப் ஆகாமல் இருக்க அரை கிளட்ச்சில் பிடிப்பீர்கள். புது கிளட்ச் அங்கேயே கருகும்.

எந்த இடத்தில் எடையை குறைப்பது என்பதும் முக்கியம். மையத்தில் இருந்து 12 செ.மீ. தூரத்தில் உள்ள ஒரு கிலோ, 6 செ.மீ. தூரத்தில் உள்ள ஒரு கிலோவை விட 4 மடங்கு வேலை செய்கிறது. ஆகவே "எத்தனை கிலோ குறைவு" என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

டபுள் மாஸ் பிளைவீல்

பல டீசல் கார்களில் "டபுள் மாஸ்" பிளைவீல் வருகிறது. இரண்டு சக்கரம், நடுவில் ஸ்பிரிங். எஞ்சின் அதிர்வை ஸ்பிரிங் விழுங்கி விடுவதால் கியர் பாக்ஸ் சத்தம் போடாது. ஜெர்மனியின் லுக் கம்பெனி 1985-ம் ஆண்டு இதை கார்களுக்காக தயாரிக்க தொடங்கியது.

இது தேய்ந்தால் எஞ்சினை ஆப் செய்யும்போது "கடகட" என்று சத்தம் வரும். மாற்ற செலவு அதிகம் என்பதால் பலர் ஒற்றை பிளைவீலுக்கு மாறுகிறார்கள். மாறலாம். ஆனால் அப்போது ஸ்பிரிங் வைத்த கிளட்ச் பிளேட்தான் போட வேண்டும். டபுள் மாஸ் பிளைவீலோடு வந்த ஸ்பிரிங் இல்லாத பிளேட்டை ஒற்றை பிளைவீலில் போட்டால் அதிர்வு முழுக்க கியர் பாக்சில் இறங்கும். ஸ்பிரிங் பிளேட் போட்டாலும் ஐடிலிங்கில் கியர் பாக்ஸ் கொஞ்சம் சலசலக்கத்தான் செய்யும்.

லேத்தில் இளைத்தால் என்ன?

இதுதான் உயிர் பிரச்சினை. ரெடிமேட் இலகு பிளைவீல் விலை அதிகம் என்று, கம்பெனி பிளைவீலையே லேத்தில் மாட்டி விளிம்பையும் பின்பக்கத்தையும் கடைந்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கிளட்ச் உட்காரும் முகத்தை லேசாக சமப்படுத்துவது வேறு. கார் கம்பெனி சொன்ன அளவுக்குள் அதை செய்யலாம். எடையை குறைக்க ஆழமாக கடைவது வேறு.

பல கார்களின் பிளைவீல் வார்ப்பு இரும்பு. வார்ப்பு இரும்பு அழுத்தத்தை நன்றாக தாங்கும். இழுவையை தாங்காது. வளையாமல் பட்டென்று உடையும். சுற்றும் பிளைவீலில் வேலை செய்வது இழுவை விசைதான். ஆர்.பி.எம். இரண்டு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்கு ஆகும்.

26 செ.மீ. விட்டம் உள்ள பிளைவீலை எடுத்து கொள்ளுங்கள். 6 ஆயிரம் ஆர்.பி.எம்.மில் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 290 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அந்த விளிம்பில் உள்ள வெறும் 100 கிராம் துண்டை அரை டன்னுக்கும் அதிகமான விசை வெளியே இழுக்கிறது. கடைந்து மெலிந்த இடத்தில், சூட்டில் ஏற்கனவே தலைமுடி போல வெடிப்பு இருந்தால்? உடைந்த துண்டு அலுமினிய கிளட்ச் ஹவுசிங்கை கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஜீப், பொலேரோ மாதிரி எஞ்சின் நீளவாக்கில் உள்ள வண்டிகளில் பிளைவீல் இருப்பது ஓட்டுபவர் கால் பக்கத்தில். எஞ்சின் குறுக்கே உள்ள முன்சக்கர கார்களிலும் பானெட் பக்கமும், கால் வைக்கும் பக்கமும் துண்டு பாயலாம்.

சுற்றும் இரும்பு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சம்பவம் உண்டு. பிரபல டிராக் ரேஸ் வீரர் டான் கார்லிட்சின் கார் 1970-ம் ஆண்டு கலிபோர்னியாவில் பந்தயம் கிளம்பும்போது கியர் அமைப்பு வெடித்தது. அவரது வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டானது. அதன் பிறகு எஞ்சினை தனக்கு பின்னால் வைத்து அவர் கார் கட்டினார். அமெரிக்காவில் டிராக் பந்தய பிளைவீல், கிளட்ச்சுகளுக்கு எஸ்.எப்.ஐ. என்ற அமைப்பின் பாதுகாப்பு தர முத்திரை இருக்கிறது. கிளட்ச்சை சுற்றி தடித்த கவசமும் போடுகிறார்கள்.

இலகு பிளைவீல்தான் வேண்டும் என்றால் ஸ்டீலில் செய்ததை, அல்லது உராயும் முகத்தில் ஸ்டீல் தகடு பதித்த அலுமினிய பிளைவீலை தர முத்திரையோடு வாங்குங்கள். லேத் உரிமையாளர்களும் இந்த வேலையை கேட்டு வருபவர்களை திருப்பி அனுப்புவதே நல்லது. நாளைக்கு விபரீதம் நடந்தால் பதில் சொல்ல வேண்டி வரும்.

மெக்கானிக்குகளுக்கு...

பிளைவீலும் பிரஷர் பிளேட்டும் சேர்த்து பேலன்ஸ் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். பிளைவீல் போல்ட்டுகளில் பல ஒருமுறை முடுக்கினால் நீண்டுவிடும் வகை. பழையதை திரும்ப போடக்கூடாது. டார்க் ரெஞ்ச் வைத்து கம்பெனி சொன்ன அளவில் முடுக்க வேண்டும். பிளேட்டை நடுவாக்க அதற்கான டூல் போட வேண்டும். கியர் பாக்சை ஏற்றும்போது அதன் கனம் பிளேட் மேல் தொங்கினால் புது பிளேட் வளைந்து, கடைசிவரை கிளட்ச் சரியாக விடாது. கியர் பாக்சை இறக்கியாச்சு என்றால் கிளட்ச் பேரிங்கையும், ஆயில் சீலையும் சேர்த்தே மாற்றி விடுங்கள். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க போய், மறுபடி இறக்கும் கூலி கொடுப்பது யார்?

முக்கியமான இன்னொன்று. பழைய கிளட்ச்சை கழற்றியதும் ஏர் பிடித்து தூசியை ஊதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பழைய பிளேட்டுகளிலும், ஊர் பேர் தெரியாத மலிவு பிளேட்டுகளிலும் கல்நார் இருக்கலாம். அந்த தூசி நுரையீரலில் தங்கி, 20, 30 ஆண்டு கழித்து கூட புற்றுநோயை கொண்டுவரும். ஈர துணியால் துடையுங்கள். முகத்துக்கு சரியான மாஸ்க் போடுங்கள். பட்டறையில் வேலை பழகும் பையன்களை அந்த நேரம் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தேய்ந்த கிளட்ச்சை மாற்றுவது சாதாரண பராமரிப்பு. ஆனால் கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ம் ஆண்டு திருத்தத்தின்படி, சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் விதிக்கலாம். வாரண்டியும் போகும். விபத்து நடந்தால் இன்சூரன்சிலும் தகராறு வரும்.

ஆகவே சுருக்கமாக...

* தினமும் ஆபீஸ், கடை, பள்ளிக்கூடம் என்று ஓட்டும் காரா? லேசான ரீமேப் என்றால் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் உள்ள பிரஷர் பிளேட், ஆர்கானிக் பிளேட் போதும். பிளைவீலில் கை வைக்காதீர்கள்.

* டார்க் ரொம்ப ஏறிவிட்டதா? கூடுதல் அழுத்தத்தோடு, ஸ்பிரிங் உள்ள கெவ்லார் பிளேட். இங்கேயும் கம்பெனி எடை பிளைவீலே நல்லது.

* டிராக்கில் மட்டும் ஓடும் காரா? செராமிக் பிளேட், தர முத்திரை உள்ள ஸ்டீல் இலகு பிளைவீல்.

* கால் டாக்சி, வாடகை வண்டியா? எதுவும் வேண்டாம். ஒரிஜினல் கிளட்ச்சே போதும்.

புது கிளட்ச் போட்ட பிறகு முதல் 500 கி.மீ. வரை சீறாமல், அதிக பாரம் இழுக்காமல் ஊருக்குள் ஓட்டி பதப்படுத்த வேண்டும். அந்த பொறுமை இல்லாவிட்டால் போட்ட காசு புகையாக போவதை சைலன்சர் பக்கம் போகாமலே பார்க்கலாம்.

பவர் ஏத்தும் முன்பே, கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் கையில் காசு இருக்கிறதா என்று எண்ணி பார்ப்பது நல்லது. இல்லை என்றால் கம்பெனி கொடுத்த பவரிலேயே பத்திரமாக வீடு போய் சேரலாம்.